மூன்றாம் வரியோடு நின்ற தலைப்பு

செய்தி டெஸ்க்கில் எழுதிய தலைப்பு: 'கனமழை எச்சரிக்கை: நான்கு மாவட்டங்களில் நாளை பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை இல்லை'.

போனில் தெரிந்த தலைப்பு: 'கனமழை எச்சரிக்கை: நான்கு மாவட்டங்களில் நாளை பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை…'

2022 வடகிழக்குப் பருவமழை நேரம். சாயங்காலமானால் தமிழ்நாட்டில் பாதி வீடுகள் கலெக்டரின் அறிவிப்புக்குக் காத்திருக்கும். நான் ஒரு செய்தித் தளத்தில் முகப்புப் பக்கத்தின் சிஎஸ்எஸ்ஸை, அதாவது பக்கத்தின் தோற்றத்தை வகுக்கிற நிரலை, பார்த்துக்கொண்டிருந்தவன். யாரோ எடுத்த ஸ்கிரீன்ஷாட் வாட்ஸாப்பில் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் டெஸ்க்கிலிருந்து சார் கூப்பிட்டார். அச்சுப் பத்திரிகையில் பல காலம் தலைப்புப் போட்டுவிட்டு இணையப் பிரிவுக்கு வந்தவர்.

"தம்பி, நாங்க லீவு இல்லைன்னு போட்டா, உங்க சைட் லீவுன்னு காட்டுதே?"

"தலைப்பு கொஞ்சம் நீளம் சார். மூணு வரிக்கு மேல வெட்டிடும். 'இல்லை'யை முன்னாடி கொண்டுவந்துடுங்க, உடனே சரியாயிடும்."

"இல்லைங்கிறது கடைசியிலதானப்பா வரும்?"

"'நாளை விடுமுறை இல்லை'ன்னு ஆரம்பிங்க சார். அச்சுல பத்தி அகலத்துக்கு ஏத்த மாதிரி நீங்க தலைப்பைச் சுருக்கினதே இல்லையா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "சரி, மாத்திடறேன்" என்றார். மாற்றினார். பிரச்சினை அத்தோடு முடிந்தது, அலுவலகத்தைப் பொறுத்தவரை.

என்னைப் பொறுத்தவரை அந்த 'சரி' இன்னும் முடியவில்லை. அது ஒப்புக்கொண்ட சரியா, இவனிடம் பேசிப் பயனில்லை என்று சொன்ன சரியா?

அந்த நேரத்தில் நான் சொன்ன வழிதான் வேகமானது. தலைப்பை மாற்றினால் சில நொடிகளில் வாசகருக்குப் போய்விடும். சிஎஸ்எஸ்ஸை மாற்றுவதென்றால் நிரலைத் தொகுக்கும் பில்ட், சோதனை, சிடிஎன் சர்வர்களில் தங்கியிருக்கும் பழைய நகல்களைக் காலிசெய்வது என்று ராத்திரியாகிவிடும். பிள்ளையின் பள்ளிப்பையை எடுத்துவைப்பதா வேண்டாமா என்று பார்ப்பவர்களை அதுவரை காக்கவைக்க முடியாது. இதில் எனக்குச் சந்தேகமில்லை. சந்தேகம் அந்தக் கடைசி வாக்கியத்தில். அச்சை இழுத்தேனே, அது நியாயமான வாதமா, வாயை அடைக்கிற வாதமா?

அச்சுப் பக்கத்தில் தலைப்புப் போடுகிறவருக்குப் பத்தியின் அகலம் கண்ணுக்கு முன்னால் இருக்கும். இடம் போதவில்லையென்றால் பக்கம் கட்டுகிறவரிடம் எழுத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம், ஒற்றைப் பத்தியை இரட்டையாக்கச் சொல்லலாம், எதுவும் நடக்காவிட்டால் சொல்லைச் சுருக்கலாம். பேச்சுவார்த்தைக்கு இடமுண்டு. எங்கள் பக்கம் ஒரு போனில் 360 பிக்சல், இன்னொன்றில் 412, லேப்டாப்பில் 1366. சார் எந்த அகலத்துக்கு எழுதுவார்? அவருடைய கணினித் திரையில் 'இல்லை' முழுசாக இருந்தது. வாசகரின் போனில்தான் இல்லை. அதோடு, பக்கம் கட்டுகிற யாரும் இடம் போதவில்லை என்று பயனிலையை மட்டும் வெட்டிவிட்டு மூன்று புள்ளி வைத்து அச்சுக்கு அனுப்பமாட்டார்.

லைன்-கிளாம்ப் என்கிற சிஎஸ்எஸ் கட்டளை அதைத்தான் செய்கிறது. வரியை எண்ணும், மிச்சத்தை மறைக்கும், புள்ளி வைக்கும். ஆங்கிலத் தலைப்பில் 'நோ' என்பது பெரும்பாலும் முன்னாலேயே வந்துவிடுவதால் வால் போனாலும் சேதி தங்கிவிடும். நமக்கோ தீர்ப்பே வாலில் இருக்கிறது. மறுப்பு, ஒத்திவைப்பு, ரத்து, இல்லை எல்லாமே கடைசியில் வருகிறவை. இதில் ஒரு வேடிக்கை: கிளாம்ப் கண்ணுக்குத்தான் மறைக்கிறது, பக்கத்தின் மூல உரையான எச்டிஎம்எல்லில் தலைப்பு முழுசாக இருக்கும். ஸ்கிரீன் ரீடர் வைத்துக் கேட்ட பார்வையற்ற வாசகர் அன்று சரியான செய்தியைக் கேட்டிருப்பார். கண்ணால் படித்தவர்களுக்குத்தான் தப்பான செய்தி.

அந்த மூன்று வரி எங்கிருந்து வந்தது? ஃபிக்மா என்கிற வடிவமைப்பு மென்பொருளில் வந்த டிசைனிலிருந்து. பக்கத்தைப் பன்னிரண்டு பத்தியாகப் பிரிக்கும் கிரிட், அழகான இடைவெளி, ஒரு செய்திக்கு ஒரு பெட்டி என்று கார்டுகள், ஒவ்வொரு கார்டிலும் ஆங்கில மாதிரித் தலைப்பு. கார்டுகளைச் சம உயரமாக்குவது பெரிய விஷயமில்லை, சிஎஸ்எஸ்ஸின் அடுக்கும் முறைகளான ஃபிளெக்ஸும் கிரிட்டும் தாங்களே இழுத்துவிடும். லேப்டாப்பில் பக்கத்துப் பக்கத்துக் கார்டுகளில் தலைப்பு முடிகிற இடமும் நிருபர் பெயர் வருகிற இடமும் ஒரே கோட்டில் நிற்கவேண்டும் என்பதுதான் சிக்கல். கார்டின் உள்பகுதிகளையும் வெளிக் கிரிட்டின் கோடுகளோடு சேர்க்கிற சப்கிரிட் இருந்தால் அதைச் சுலபமாகச் செய்யலாம். ஃபயர்ஃபாக்ஸில் 2019 டிசம்பரிலேயே வந்துவிட்டது. குரோமில் வந்ததோ 2023 செப்டம்பரில், 117ஆம் பதிப்பில். எங்கள் வாசகர்களில் பெரும்பாலோர் குரோம். ஆக 2022இல் என் கையில் இருந்தது கிளாம்ப்தான்.

இப்படி எழுதும்போது என் பக்கம் வலுவாகத்தான் தெரிகிறது. ஆனால் போனில் அந்தக் கார்டுகள் ஒன்றன் கீழ் ஒன்றாக வருகின்றன. பக்கத்தில் கார்டே இல்லாதபோது எதை எதோடு ஒரே கோட்டில் நிறுத்த மூன்று வரி? முதல் திரையில் நிறையத் தலைப்புகள் தெரியவேண்டும் என்றார்கள், அதனால் அங்கேயும் இருந்தது. அந்தக் காரணமும் மோசமானதில்லை.

தமிழுக்காக நான் எதையும் வளைக்கவில்லை என்றும் சொல்லமுடியாது. சிஎஸ்எஸ் கிரிட்டில் 1எஃப்ஆர் என்று எழுதினால் பத்திகள் சமமாகப் பிரியும் என்று நினைப்போம். உள்ளேயிருக்கும் மிக நீளமான சொல்லைவிடப் பத்தி சிறுக்காது என்பது அதன் இயல்பு. 'பல்கலைக்கழகங்களுக்கான' என்ற ஒரே சொல் வந்து ஒரு பத்தியைத் தள்ளி, பக்கத்துப் பத்தியை நசுக்கியது. பத்தியின் குறைந்தபட்ச அகலத்தைச் சுழியமாக்கி மின்மேக்ஸ் போட்டேன். இப்போது பத்தி அசையவில்லை, சொல் வெளியே வழிந்தது. எங்கே வேண்டுமானாலும் உடைத்துக்கொள் என்று பிரவுசரிடம் சொன்னால் 'க்கான' என்று ஒரு வரி தொடங்குகிறது. மெய்யெழுத்தில் வரி தொடங்குவதைப் பார்த்தால் எனக்கே உறுத்தும், சாருக்கு எப்படி இருக்கும்? கடைசியில் லேப்டாப்பில் நான்கு பத்தியை மூன்றாக்கினோம். அதற்காக டிசைனரோடு சண்டையும் போட்டேன். அப்படிச் சண்டை போட்டவன் அன்று போனில் மட்டும் ஏன் கிரிட்டின் வக்கீலாகப் பேசினேன் என்பதுதான் விளங்கவில்லை.

கிரிட் என்றாலே பேச்சு ஸ்விஸ் வடிவமைப்பாளர் ஜோசஃப் முல்லர்-புரோக்மனிடம் போய்ச் சேரும். 1981இல் கிரிட் பற்றி அவர் வெளியிட்ட நூலில் ஜெர்மனும் ஆங்கிலமும் பக்கத்தில் பக்கமாக இருக்கும். நீள நீளமான கூட்டுச்சொற்களுக்கு ஜெர்மன் பேர்போனது, ஆக நம்முடையது மட்டும் அதிசயச் சிக்கல் இல்லை. நான் கவனித்தது வேறு. அவர் முறையில் எழுத்தின் அளவும் வரிக்கு வரி இடைவெளியும் முதலில் வருகின்றன. ஒரு கட்டத்துக்குள் எத்தனை வரி நிற்கும் என்று பார்த்துத்தான் கட்டத்தின் உயரம் அமைகிறது. வலையில் எங்கள் தலைமுறை கற்றது தலைகீழ். 2008இல் வந்த 960 கிரிட் சிஸ்டம் என்கிற சிஎஸ்எஸ் தொகுப்பில் பக்கத்தின் அகலம் 960 பிக்சல்: 1024 பிக்சல் திரைக்குள் அடங்குகிற ஓர் எண், அது பன்னிரண்டாலும் பதினாறாலும் மீதியில்லாமல் வகுபடும், அவ்வளவுதான். பிறகு பூட்ஸ்ட்ராப் என்கிற இன்னொரு தொகுப்பு வந்து பன்னிரண்டு பத்தியை வேதமாக்கியது. அதற்குள் என்ன மொழி வரப்போகிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டதில்லை, வேலை ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு தலைப்புப் பெட்டிக்குக் கீழே எழுத்து எண்ணி ஒன்று வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். முதல் நாளே டெஸ்க்கிலிருந்து புகார்: எட்டெழுத்துக்குப் பதின்மூன்று காட்டுகிறதாம். 'மாவட்டங்களில்' நமக்கு எட்டெழுத்து. எண்ணியை இயக்குகிற ஜாவாஸ்கிரிப்டுக்குக் காலும் மேல்விலங்கும் புள்ளியும் தனித்தனி, ஆகப் பதின்மூன்று. எழுத்தை நாம் எண்ணுவதுபோலப் பிரிக்கிற இன்டல்.செக்மென்டர் போட்டுச் சரிசெய்தேன். ஆனாலும் எண்ணிக்கை அகலமாகாது. 'ணை'யும் 'ர'வும் எண்ணியில் ஒன்றுதான், திரையில் ஒன்றா?

கிளாம்ப்பை எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பிறகு நான்கு வரியாக்கினேன். அப்போதும் ஐந்தாவது வரியில் ஒரு 'ரத்து' மாட்டிக்கொள்ள வாய்ப்புண்டு, இதுவரை மாட்டவில்லை. 2024இல் முகப்பை மறுபடி கட்டியபோது சப்கிரிட் போட்டு, கிளாம்ப்பை முழுசாக எடுத்துவிட்டேன். தலைப்பு எத்தனை வரி போனாலும் அந்த வரிசை முழுதும் சேர்ந்து இறங்கும்.

ஆனால் தலைப்புகள் திரும்பவில்லை. 'விடுமுறை இல்லை: நான்கு மாவட்டங்களில்…', 'ஒத்திவைப்பு: தேர்வு புதிய தேதி…' என்று சேதியை முன்னால் போட்டு, முக்காற்புள்ளி வைத்து, மிச்சத்தைப் பின்னால் தொங்கவிடுவது டெஸ்க்கின் பழக்கமாகிவிட்டது. கூகுள் தேடலிலும் நீளத் தலைப்பு வெட்டுப்படும், அதனால் இதுதான் நல்லது என்கிறார்கள். இருக்கலாம். அச்சுத் தலைப்புகளிலும் இந்த முக்காற்புள்ளி வித்தை எப்போதும் உண்டு, நான் ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை. ஆனாலும் ஒரு நாளைக்கு வருகிற தலைப்புகளை வரிசையாகப் படித்தால் எல்லாம் ஒரே ஆள் மூச்சுவாங்கிக்கொண்டு பேசுவதுபோல இருக்கிறது. அதில் என் மூன்று வரிக்கு எவ்வளவு பங்கு, போன் திரைக்கு எவ்வளவு, காலத்துக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கிளாம்ப் போன பிறகு எண்ணிக்கு வேலையே இல்லை. எடுத்துவிடட்டுமா என்று டெஸ்க்கில் கேட்டேன். சார் அப்போது ஓய்வுபெற்றிருந்தார், அவர் நாற்காலியில் இருந்த பெண், "இருக்கட்டும் சார், அது இல்லாம எங்க நிறுத்துறதுன்னு தெரியாது" என்றார். இருக்கிறது.