அம்மிச்சியின் சிங்கப்பூர் பயணம்

அடுத்த வாரம் அம்மிச்சி, அதாவது என் அம்மாவின் அம்மா, முதன்முதலாக விமானம் ஏறப் போகிறார். கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டிலிருந்து சிங்கப்பூர். அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது.

டிக்கெட்டைப் படித்துக் காட்டினேன். "ஏன் கண்ணு, போறதுக்கு அத்தனை நேரமாகுது, வர்றதுக்கு ரெண்டு மணி நேரங்கூட ஆகலயே?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பள்ளிக்கூடம் அதிகம் போகாத அம்மிச்சி ஒரே பார்வையில் பிடித்துவிட்டார்.

டிக்கெட்டில் போடும் நேரம் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே இரவு 8 மணிக்குக் கிளம்பி நாலேகால் மணி நேரம் பறந்தால் நமக்கு 12.15, அங்கே விடியற்காலை 2.45. திரும்பும்போது அந்த இரண்டரை மணி நேரம் கழிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

நேர்கோட்டில் தூரம் சுமார் 3,160 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் வகுத்தால் நாலு மணி நேரத்துக்குள் வர வேண்டும். ஆனால் ஓடுபாதைவரை ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

எனக்குக் கவலை வானத்தில் இல்லை. கோபியிலிருந்து குன்னத்தூர், அவிநாசி வழியாகக் காரில் இரண்டு மணி நேரம், அப்புறம் மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்க் காத்திருக்க வேண்டும். அம்மிச்சிக்கு முழங்கால் வலி. சக்கர நாற்காலிக்கு முன்பே சொல்லிவைத்துவிட்டேன்.

கொள்ளுப்பேரனுக்கு வெள்ளி அரைஞாண் வாங்கி, முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறார்.