பக்கத்து வீட்டுக்காரர் எதிர்த்தாலும் உணவகத்துக்கு மது லைசென்ஸ்: இங்கிலாந்து அனுபவம்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உணவகத்தில் பியரோ வைனோ விற்க 2003ஆம் ஆண்டு லைசென்சிங் சட்டத்தின் கீழ் உள்ளூர் கவுன்சிலிடம் விண்ணப்பிக்க வேண்டும். அந்தச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பதற்றம் குறைந்துவிடும். முறையாகக் கொடுத்த விண்ணப்பத்துக்கு யாரும் எதிர்ப்பு எழுதாவிட்டால் கவுன்சில் லைசென்ஸ் தந்தே ஆக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் எழுதிவிட்டால் விசாரணை நடக்கும், அவ்வளவுதான். தடுத்து நிறுத்தும் அதிகாரம் அவர் கையில் இல்லை. ஆனால் விசாரணையில் அவரைப் பற்றிப் புகார் சொல்லப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் தோற்கிறார்கள். அங்கே அலசப்படுவது நம் விண்ணப்பத்தில் உள்ள நிபந்தனைகள், நல்ல அயலவர் யார் என்பதல்ல.

தேவைப்படுவது இரண்டு லைசென்ஸ். இடத்துக்கு ஒரு பிரெமிசஸ் லைசென்ஸ். விற்பனைக்குப் பொறுப்பேற்கும் மேற்பார்வையாளருக்கு ஒரு பெர்சனல் லைசென்ஸ். உரிமையாளரே மேற்பார்வையாளராகவும் இருக்கலாம். பெர்சனல் லைசென்ஸுக்கு மது விற்பனைச் சட்டம் பற்றிய லெவல் 2 தேர்வும் குற்றப் பதிவுச் சான்றிதழும் வேண்டும், கட்டணம் 37 பவுண்ட். சான்றிதழ் ஒரு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. அதை முதலில் வாங்கி வைத்துவிட்டுத் தேர்வைத் தள்ளிப்போட்டால் திரும்பவும் காசு கட்ட வேண்டிவரும். 2015 ஏப்ரலுக்குப் பிறகு இந்த லைசென்ஸைப் புதுப்பிக்கத் தேவையில்லை.

பிரெமிசஸ் லைசென்ஸ் கட்டணம் கட்டடத்தின் ரேட்டபிள் மதிப்பை, அதாவது வணிகக் கட்டட வரிக்காகக் கணக்கிட்ட ஆண்டு வாடகை மதிப்பைப் பொறுத்தது. 4,301 முதல் 33,000 பவுண்ட் வரையிலான மதிப்புக்கு 190 பவுண்ட், பிறகு ஆண்டுதோறும் 180. அதற்கு மேல் 87,000 வரை 315, ஆண்டுக்கு 295. உண்மையில் கையைக் கடிப்பது உள்ளூர்ப் பத்திரிகை விளம்பரம்தான். அதைப் பிறகு சொல்கிறோம்.

வரைபடம் வழக்கமாக 1:100 அளவில் கேட்கப்படும். வெளியேறும் வழிகள், படிகள், சமையலறை, கழிவறை, தீயணைப்புக் கருவிகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கவனிக்க வேண்டியது லைசென்ஸ் எந்த இடம் வரை என்று காட்டும் எல்லைக்கோடு. பின்பக்க முற்றம் அயலவரின் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே இருந்தால், அதைக் கோட்டுக்குள் சேர்ப்பதா என்று இருமுறை யோசியுங்கள். விட்டுவிட்டால் எதிர்ப்பில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும். ஆனால் கோட்டுக்கு வெளியே போட்ட மேசையில் மது பரிமாறினால் அது வெளியே எடுத்துச் செல்லும் விற்பனையாகக் கணக்காகும். அதற்கும் அனுமதி கேட்டிருக்க வேண்டும்.

அடுத்தது படிவத்தில் டிக் போடும் பெட்டிகள். பலர் எதற்கும் இருக்கட்டும் என்று நேரடி இசை, பதிவு இசை எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிடுகிறார்கள். இது தேவையில்லாத வினை. இடத்திலேயே மது அருந்த லைசென்ஸ் இருந்து, கேட்போர் 500 பேரைத் தாண்டாவிட்டால், காலை 8 முதல் இரவு 11 வரை இசைக்குத் தனி அனுமதி வேண்டாம். பின்னணியில் மெதுவாக ஓடும் பாட்டுக்கு எப்போதுமே வேண்டாம். அந்த டிக்குகளைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுக்காரர் மனதில் டிஸ்கோ ஓடத் தொடங்கிவிடும். அதே சமயம், இரவு 11 முதல் காலை 5 வரை சூடான உணவோ பானமோ விற்பதானால் ‘லேட் நைட் ரெஃப்ரெஷ்மென்ட்’ பெட்டியில் டிக் போட மறக்கக் கூடாது. மது நிறுத்திய பிறகு தேநீர் கொடுத்தாலும் இது பொருந்தும்.

நேரம் கேட்கும்போது மது விற்பனை முடியும் நேரத்தையும் கடை மூடும் நேரத்தையும் பிரித்து எழுதுங்கள். 10.30க்குக் கடைசி விற்பனை, 11க்கு மூடல் என்றால் குடித்து முடித்து எழுந்து போக அரை மணி கிடைக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் தெருவில் கூடிச் சத்தம் போடுவது குறையும்.

எதிர்ப்பை வெல்லும் இடம் நிபந்தனைப் பகுதி. சட்டம் பார்ப்பது நான்கு நோக்கங்களை மட்டும்: குற்றத் தடுப்பு, பொதுப் பாதுகாப்பு, பொதுத் தொல்லைத் தடுப்பு, சிறுவர் பாதுகாப்பு. அயலவரின் கவலை பெரும்பாலும் மூன்றாவதில் விழும். அவர் கேட்பதற்கு முன்பே நாமே எழுதிவிட வேண்டும்: மேசையில் அமர்ந்து சாப்பிடுபவர்களுக்கு மட்டுமே, உணவோடு மட்டுமே மது, பரிமாறுபவர் கொண்டுவந்து தருவார், நின்று குடிக்க இடமில்லை, இரவு 9க்குப் பிறகு பின்கதவும் ஜன்னல்களும் மூடியிருக்கும், வெளியே ஸ்பீக்கர் இல்லை, இரவு 11 முதல் காலை 7 வரை காலிப் பாட்டில்களை வெளித் தொட்டியில் கொட்ட மாட்டோம், வாசலில் அமைதியாகச் செல்லும்படி அறிவிப்பு, புகைப்பவர்களுக்கு ஒரு குறிப்பிட்ட இடம், அயலவர்கள் அழைக்க ஒரு தொலைபேசி எண். போலீஸுக்காகச் சிசிடிவி பதிவு 31 நாள், 25 வயதுக்குக் குறைவாகத் தெரிபவர்களிடம் அடையாள அட்டை, விற்க மறுத்தவற்றைக் குறிக்க ஒரு பதிவேடு. பாட்டில் விசயம் சின்னதாகத் தோன்றும். நள்ளிரவில் கண்ணாடி உடையும் சத்தம் எத்தனை தூரம் கேட்கும் என்பது அந்தத் தெருவில் தூங்குபவர்களுக்குத் தெரியும்.

கடைப்பிடிக்க முடியாததை மட்டும் எழுதாதீர்கள். நிபந்தனையை மீறி விற்பது குற்றம். வரம்பில்லாத அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. ‘எந்தச் சத்தமும் கேட்காது’ போன்ற வாக்கியம் உங்களையே வந்து மாட்டிவிடும்.

விண்ணப்பம் கொடுத்த மறுநாளிலிருந்து 28 நாள் காலக்கெடு. அந்த 28 நாளும் வாசலில் வெளிர்நீல ஏ4 தாளில் அறிவிப்பு, எழுத்து 16 புள்ளி அளவோ அதற்கு மேலோ. முதல் பத்து வேலை நாளுக்குள் உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு முறை விளம்பரம். வாரப் பத்திரிகை என்றால் அதன் கடைசி நாளை முன்பே கேட்டுவிடுங்கள். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் 28 நாளை மறுபடி முதலிலிருந்து எண்ண வைப்பார்கள், தீவிரமாக எதிர்ப்பவர் முதலில் தேடுவதும் இந்தப் பிழையைத்தான். மழையில் நனைந்தோ மெனு அட்டை மறைத்தோ போகாமல் தாளைத் தினமும் தேதியோடு படமெடுத்து வைப்பது நல்லது. ஆன்லைனில் விண்ணப்பித்தால் போலீஸ், தீயணைப்புத் துறை முதலியவற்றுக்குக் கவுன்சிலே நகல் அனுப்பும். தாளில் கொடுத்தால் அத்தனை பேருக்கும் அதே நாளில் நாம்தான் அனுப்ப வேண்டும்.

எதிர்ப்புக் கடிதம் வந்ததும் வரிக்கு வரி பிரித்துப் பாருங்கள். வீட்டு விலை குறையும், இந்தத் தெருவில் ஏற்கெனவே போதுமான கடைகள் உள்ளன, மதுவே கெடுதல் என்பவை கணக்கில் வராது. சத்தம், வாசலில் கூட்டம், சிறுநீர் கழிப்பது, குப்பை ஆகியவை வரும். கட்டடத்தை எதற்கு, எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் திட்ட அனுமதி வேறு சட்டம். ஆனால் அதில் மூடும் நேரம் 10 என்றிருந்தால் லைசென்ஸில் 11 கிடைத்தும் பயனில்லை.

எடுபடும் புள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனையைக் காட்டி, லைசென்சிங் அதிகாரி வழியாகப் பதில் அனுப்புங்கள். நேரே போய்க் கதவைத் தட்டுவது சில சமயம் பலிக்கும், சில சமயம் மிரட்டல் என்று கடிதத்தில் ஏறும். மாற்றங்களை ஏற்று எல்லோரும் விசாரணை வேண்டாம் என்றால் அது நடக்காது.

நடந்தால், 28 நாள் முடிந்து 20 வேலை நாளுக்குள். மூன்று கவுன்சிலர்கள் அமர்வார்கள். வருகிறோமா, சாட்சி உண்டா என்பதை ஐந்து வேலை நாளுக்கு முன் எழுதித் தெரிவிக்க வேண்டும். புதிய ஆவணத்தை விசாரணை நாளில் நீட்டினால் மற்ற தரப்புகள் சம்மதித்தால்தான் எடுப்பார்கள். அதனால் படங்கள், வரைபடம், நிபந்தனைப் பட்டியல் எல்லாம் முன்பே போய்ச் சேரட்டும். எல்லாத் தரப்புக்கும் பேச ஒரே அளவு நேரம். குறுக்கு விசாரணை பொதுவாக இல்லை.

காத்திருக்கும் நாள்களில் 21 பவுண்ட் கட்டித் தற்காலிக நிகழ்வு அறிவிப்புக் கொடுத்துச் சில மாலைகளில் மது பரிமாறலாம். பத்து வேலை நாள் முன்னறிவிப்பு வேண்டும். இதை எதிர்க்கப் போலீஸும் சுற்றுச்சூழல் சுகாதாரத் துறையும்தான் முடியும். அந்த மாலைகளில் புகாரே வரவில்லை என்றால் அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. வந்தால் எதிர்த்தரப்புக்கு அதுவே சாட்சி.

முடிவு பிடிக்காவிட்டால் 21 நாளுக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. அந்த உரிமை அயலவருக்கும் உண்டு. லைசென்ஸ் கிடைத்த பிறகும் அவர் எந்த நாளும் மறுபரிசீலனை கேட்கலாம். அதனால் வந்த அழைப்புகளையும் எடுத்த நடவடிக்கையையும் தேதியோடு குறித்து வையுங்கள்.

கேட்கும் நேரத்தை மட்டும் அவசரத்தில் முடிவு செய்யாதீர்கள். 89 பவுண்ட் சிறு மாற்ற விண்ணப்பத்தால் மது விற்பனை நேரத்தைக் கூட்ட முடியாது. 11 மணி வரை வேண்டுமென்று அடுத்த வருடம் தோன்றினால் மறுபடியும் முழு விண்ணப்பம், மறுபடியும் நீலத் தாள், அதே 28 நாள், அதே பக்கத்து வீட்டுக்காரர்.