லாரி வராத நாள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் எடைமேடைக்கு நிரல் எழுதிக்கொடுத்த காலத்தில், லாரிப் பதிவுகள் அடங்கிய பட்டியலின் முதல் பதிவை என்னிடம் யாரும் கேட்டதில்லை. வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் அவிக்காவிட்டால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் கூடித் தரம் இறங்கிவிடும் என்பதால், கடைசியாக எந்த லாரி நுழைந்தது, அதற்கு முன் வந்தவை எவை என்பதே எல்லாருடைய கேள்வியாகவும் இருந்தது.

பைத்தான் என்னும் நிரல்மொழியில் இதற்கு அழகான வழி உண்டு. பதிவுகள்[-1] என்று எழுதினால் கடைசிப் பதிவும், பதிவுகள்[-3:] என்று எழுதினால் கடைசி மூன்றும் கிடைக்கும். எதிர்ம எண்ணோடு பட்டியலின் நீளம் கூட்டப்படுகிறது. 40 பதிவுகள் இருந்தால் -1 என்பது 39 ஆகிறது, எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குவதால் அதுவே கடைசி இடம். தலைமை எழுத்தரான பெரிய கிராணி பேரேட்டைப் பின்பக்கமிருந்து புரட்டுவதைப் பார்த்திருந்த எனக்கு இந்த முறை உடனே பிடித்துப்போயிற்று.

கணக்குப் பிரிவுக்கு இன்னும் அனுப்பாத பதிவுகளை மட்டும் பிரித்தெடுக்க, பதிவுகள்[-மீதி:] என்று எழுதினேன்; அனுப்பாதவற்றின் எண்ணிக்கையே மீதி. பல வாரங்கள் சரியாக ஓடியது. தீபாவளியன்று ஒரு லாரியும் வரவில்லை, மீதி சுழியமாயிற்று. சுழியத்துக்கு முன் கழித்தல் குறி இட்டாலும் அது சுழியம்தான் என்பதால், முடிவிலிருந்து எண்ண வேண்டிய கட்டளை தொடக்கத்திலிருந்து எண்ணி, அந்த மாதத்தின் எடைச்சீட்டுகள் அனைத்தையும் மறுபடி அனுப்பிவிட்டது. பிழைச்செய்தி ஒன்றும் எழவில்லை. மறுநாள் காலை கிராணி என்னை அழைத்து, “தம்பி, நேத்து ஒரு லாரிகூட மேடையில ஏறல, இத்தனை டன் எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்டபோது என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

நீளத்திலிருந்து மீதியைக் கழித்து, அந்த இடத்திலிருந்து வெட்டும்படி திருத்தினேன். அந்தத் திருத்தத்திலும் ஒரு குழி இருந்தது. புதிய மாதத்தின் பட்டியலில் 3 பதிவுகளே இருக்க, பழைய மாதத்தையும் சேர்த்து மீதி 5 என்று நின்றபோது, கழித்து வந்த விடை -2. மூன்றும் வர வேண்டிய இடத்தில் கடைசி இரண்டு மட்டுமே வந்தன. விடை சுழியத்துக்குக் கீழே போனால் சுழியத்தையே எடுத்துக்கொள்ளும்படி எழுதிய பிறகுதான் கணக்கு நேரானது.

வெற்றுப் பட்டியலில் [-1] கேட்டால் பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும்; [-3:] கேட்டால் வெற்றுப் பட்டியலைத் தந்துவிட்டு மேலே செல்லும். நிற்பதையே நான் விரும்புகிறேன், ஏனெனில் பணம் தொடர்பான கணக்கில் மௌனம் ஆபத்தானது. எடைமேடைத் திரைக்குப் பயன்படுத்திய ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியிலோ [-1] பிழையும் காட்டாது, கடைசிப் பதிவையும் தராது. அதற்கென்று ‘அட்’ என்னும் செயல்கூறு 2022-ஆம் ஆண்டுத் தரத்தில்தான் சேர்ந்தது.

பட்டியலின் கடைசியைத் தொடும் எந்த நிரலுக்கும், லாரியே வராத நாளைத்தான் இப்போது முதல் சோதனையாக எழுதுகிறேன்.