உச்சிச் சுழி

அறிவியல் காட்சிக்கூடம் ஒன்றுக்காக 60 செ.மீ. விட்டமுள்ள கோள வடிவத் தொடுதிரைக்கு மென்பொருள் எழுதிய குழுவில் ஓராண்டுக்கு மேல் பணியாற்றினேன். அதற்கு முன்பு கைபேசிச் செயலிகளிலேயே பழகியிருந்த எனக்கு, தொடுதல் என்பது இடமிருந்து வலமாக ஓர் எண், மேலிருந்து கீழாக ஓர் எண், அவ்வளவுதான். அந்த இரண்டு எண்களை எவ்வளவு கண்மூடித்தனமாக நம்பியிருந்தேன் என்பது, எங்கள் நிரலில் படங்கள் கோணலாகத் தொடங்கிய வாரத்தில்தான் தெரிந்தது.

கருவியின் அமைப்பு எளிமையானது. அடிப்பீடத்திலிருக்கும் ப்ரொஜெக்டர், அகன்ற கோண லென்ஸ் வழியாகக் கோளத்தின் உட்புறத்தில் படத்தை விழச்செய்யும். விரல் பட்ட இடத்திலிருந்து திரும்பிவரும் அகச்சிவப்பு ஒளியை, அதே லென்ஸ் வழியாக ஒரு கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். 2008இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவின் ஹர்வோயே பென்கோ, ஆண்ட்ரூ வில்சன் இருவரும் ரவின் பாலகிருஷ்ணனுடன் சேர்ந்து வெளியிட்ட கோளத் திரையும் இந்த வழியில் இயங்கியதே.

பார்வையாளர்கள் கோள்களின் படங்களை விரலால் இழுத்து நகர்த்த வேண்டும். சுழற்றுவதற்கு இரண்டு விரல்கள் தேவை. ஆனால் ஒற்றை விரலால் மட்டுமே நகர்த்தப்பட்ட படங்களும் கொஞ்ச நேரத்தில் சாய்ந்துபோயின. தசமப் புள்ளிக்குப் பின்னால் எங்கோ சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகின்றன என்று நினைத்து நான்கு நாள்கள் நிரலைத் துருவினேன். ஐந்தாம் நாள் எங்கள் மூத்த பொறியாளர் ஒரு ரப்பர் பந்தின் உச்சியில் சிறு அட்டை அம்பை வைத்தார். அதைத் திருப்பாமல் பந்தின் நடுக்கோடு வரை இறக்கினார். நடுக்கோட்டின் மேலேயே கால் சுற்று நகர்த்தினார். பிறகு நேராக உச்சிக்கு ஏற்றினார். புறப்பட்டபோது இருந்த திசைக்குச் செங்குத்தாக, 90 பாகை திரும்பி நின்றது அம்பு. “நிரல்ல தப்பே இல்லம்மா, பந்தோட குணமே இதுதான்” என்றார். தட்டையான மேசையில் எந்த வழியாகச் சுற்றி வந்தாலும் அம்பு திசை மாறாது. கோளத்திலோ, சுற்றிவந்த பாதை எவ்வளவு பரப்பை வளைத்துக்கொண்டதோ அதற்கேற்பத் திரும்பித்தான் வரும்.

எனவே எல்லாப் படங்களும் எப்போதும் உச்சியை நோக்கியே நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று விதியை மாற்றினேன். பக்கங்களில் அது அழகாக இருந்தது. ஆனால் உச்சிக்கு அருகே யாராவது ஒரு படத்தை இழுத்தால், விரல் ஓர் அங்குலம் நகர்வதற்குள் படம் தலைகீழாகப் புரண்டது. கோளத்தின் பரப்பு முழுவதிலும் ஓரிடத்தில்கூடத் தடுமாறாமல் திசைகளை அமைப்பது இயலாது என்பதை ப்ரவ்வர் என்ற கணிதவியலாளர் 1912இலேயே நிறுவியிருக்கிறார். நம் வீடுகளில் குழந்தைக்குத் தலைவாரும் எவருக்கும் இது தெரிந்த செய்திதான்: எந்தப் பக்கம் வாரினாலும் சுழி ஒன்று இருக்கவே செய்யும். எங்கள் கோளத்துக்கு இரண்டு சுழிகள். கீழ்ச்சுழி லென்ஸுக்கான திறப்புக்குள் மறைந்துகொண்டது. மேல்சுழியை ஒழிக்க முயல்வதை விட்டுவிட்டு, உச்சியைச் சுற்றி எழுத்தே வராமல், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒன்றுபோல் தோன்றும் வட்ட உருவங்களை மட்டும் அங்கே வைத்தோம். அந்த ஓராண்டில் நாங்கள் எடுத்த முடிவுகளிலேயே மிகச் சரியானது இதுதான் என்று இன்றும் கருதுகிறேன்.

பட்டன்களின் அளவிலும் இதே பழைய பழக்கம் குறுக்கிட்டது. தொட்ட இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகையாகப் பதிந்துவைத்து, பட்டனின் அகலத்தைப் பாகையில் குறித்திருந்தோம். நடுக்கோட்டில் ஒரு பாகைத் தீர்க்கம் 5.2 மி.மீ.; 60 பாகை அட்சத்தில் அதில் பாதி; 80 பாகையில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. நடுவில் தாராளமாக இருந்த பட்டன் மேலே போகப்போக விரல் நுனிக்குள் மறைந்துவிட்டது. பிறகு தொடும் இடம் ஒவ்வொன்றையும் கோள மையத்திலிருந்து புறப்படும் ஒரு திசையாகவே கணக்கிட்டு, தூரங்களைப் பரப்பின் மேலேயே அளந்தோம்.

விரல் வைக்கும் விதமும் வேறுதான். ஆன் ரூடோ, ஹென்னிங் போல், பேட்ரிக் பௌடிஷ் மூவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, குவிந்த பரப்பில் தொடுதல் துல்லியம் கூடுவதையும் குழிந்த பரப்பில் குறைவதையும் காட்டியது. குழிந்த பரப்பு விரலை அணைத்துக்கொள்வதால் படும் பகுதி பெரிதாகிவிடுகிறது. எதிர்பாராத இன்னொன்றையும் அவர்கள் கண்டார்கள். பயனருக்கு அப்பால் இறங்கும் சரிவிலுள்ள சில இலக்குகளில் மட்டும் பிழை மற்ற இடங்களுக்கு எதிரான திசையில் விழுகிறது, ஏனெனில் அங்கே மக்கள் விரலை வேறு மாதிரி வளைத்து வைக்கிறார்கள். கைபேசியிலிருந்து கொண்டுவந்து எல்லா இடத்துக்கும் ஒன்றாகப் பயன்படுத்திய எங்கள் திருத்த அளவு (பயனர் தொட நினைத்த இடத்துக்கும் கருவி உணரும் இடத்துக்கும் உள்ள விலகலை ஈடுகட்டுவது), உச்சிக்கு அப்பாலுள்ள சரிவில் ஏன் நிலைமையை மோசமாக்கியது என்பதற்கு அந்த ஆய்வில்தான் விடை கிடைத்தது.

கடைசிவரை என்னைப் படுத்திய சிக்கல் வேறு. கோளத்தின் மையத்திலிருந்து 90 செ.மீ. தள்ளி நிற்பவரின் கண்ணுக்கு அதன் பரப்பில் மூன்றில் ஒரு பங்குதான் தெரியும். எதிரெதிரே இருவர் நின்றால், ஒருவர் பார்க்கும் பகுதியை மற்றவர் பார்ப்பதில்லை. இருவர் கண்ணிலும் படாத மூன்றிலொரு பங்கு, இடையில் பட்டையாகச் சுற்றிக்கொண்டிருக்கும். தங்கைக்கு ஒரு படத்தைத் தள்ளிவிட விரும்பிய சிறுவனின் படம் அந்தப் பட்டையிலேயே தங்கிவிட, இருவரும் அது தொலைந்துவிட்டதாக நினைத்துக் கோளத்தைச் சுற்றிச்சுற்றித் தேடினார்கள். 2008 கருவியில், உள்ளங்கையை ஒரு பொருளின் மேல் சற்று நேரம் வைத்திருந்தால் அது மறுபுறத்துக்குச் சென்றுவிடும். நாங்கள் அதைச் செய்து பார்த்தோம்; சொல்லிக்கொடுத்தால் எல்லோரும் செய்தார்கள், சொல்லாமல் ஒருவரும் செய்யவில்லை. கடைசியில், எவரும் தொடாமல் கிடக்கும் படம் கோளத்தைக் கடைசியாகத் தொட்ட கையை நோக்கி மெல்ல மிதந்துசெல்லுமாறு அமைத்தோம். ஆனால் தொடாமல் நின்று பார்த்துக்கொண்டிருப்பவர் எங்கே இருக்கிறார் என்பது அந்தக் கேமராவுக்குத் தெரியாது. அதனால் தங்கைக்குத் தள்ளிய படம் சில நேரம் அண்ணனிடமே திரும்பி வந்தது.