டெர்மோ: மழை பெய்தால் போய்விடாது

வாய் பிளந்து கிடக்கும் சிப்பியைப் பார்த்த பிறகு, டெர்மோ என்ற சிப்பி நோய்க்குச் சோதனை செய்வது, வெள்ளம் வந்தபின் அணை கட்டுகிற வேலை. உள்ளே சதை வற்றி, வெளிறி, நீர்கோத்து, ஓடுகளை இழுத்து மூடக்கூட வலுவில்லாத நிலை அது.

காரணம் பெர்கின்சஸ் மெரைனஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. 1950-இல் மெக்சிகோ வளைகுடாச் சிப்பிகளில் இதை விவரித்தவர்கள் பூஞ்சை என்று நினைத்து டெர்மோசிஸ்டிடியம் என்று பெயர் வைத்தார்கள். டெர்மோ அதன் மிச்சம். சிப்பியின் ரத்த அணுக்கள் இதை விழுங்குகின்றன, ஆனால் செரிக்க முடிவதில்லை. அவற்றுக்குள்ளேயே பெருகி உடம்பெங்கும் பரவுகிறது. காவலாளி தோளிலேயே ஏறிப் போகும் திருடன். மனிதருக்கு இதனால் கெடுதல் இல்லை.

தண்ணீர் 25 டிகிரியைத் தாண்டி, உப்பும் ஆயிரத்துக்கு 12 பங்குக்கு மேல் நின்றால் வேகமாகப் பெருகும். வறட்சி ஆண்டுகளில் ஆற்றுநீர் குறைந்து கழிமுகத்தில் உப்பு ஏறுவதால்தான் அப்போது அடி பலமாக விழுகிறது. நன்னீர் புகுந்தால் தீர்ந்துவிடும் என்று நினைப்பது தவறு. சிப்பியைத் தாக்கும் இன்னொரு நோயான எம்எஸ்எக்ஸுக்கு அது பொருந்தும்: உப்பு 10-க்குக் கீழே இரண்டு வாரம் இருந்தால், தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்பட்சத்தில், அது விலகிவிடும். டெர்மோ அடங்குமே தவிர விலகாது. குளிரிலும் அப்படித்தான். சாவு உச்சம் தொடுவது கோடையின் கடைசியிலும் அதையடுத்த வாரங்களிலும். மாதிரியை அப்போது எடுங்கள். குளிர்காலத்தில் 'இல்லை' என்று வரும் முடிவை நம்பாதீர்கள்.

சோதனைக்கு ஓர் இடத்தில் 25 முதல் 30 சிப்பிகள். ஒவ்வொன்றிலும் மலக்குடல் துண்டு, மேலுறைத் துண்டு. பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின், நிஸ்டாட்டின் கலந்த தயோகிளைகோலேட் ஊடகத்தில் (ஒட்டுண்ணியை வளரவிடும் திரவம்) போட்டு, 27 டிகிரியில் இருட்டில் 5 முதல் 7 நாள். பிறகு துண்டைக் கண்ணாடிச் சில்லில் நறுக்கி, லூகால் அயோடின் சொட்டுவிட்டால், நுண்ணோக்கியில் ஒட்டுண்ணி கருநீல உருண்டைகளாகத் தெரியும். சாயம் மங்குமுன் எண்ணிவிடுங்கள். ஃபார்மலினில் போட்ட சதை இதற்கு உதவாது. உயிருள்ள செல்தான் ஊடகத்தில் பருக்கும். கத்தரிக்கோலை ஒவ்வொரு சிப்பிக்கும் சுடரில் காட்டாவிட்டால் சுத்தமான சிப்பியும் நோயாளியாகிவிடும். எத்தனை சிப்பியில் இருக்கிறது என்பதை மட்டும் எழுதாமல், 0 முதல் 5 வரையிலான தீவிரத்தையும் குறியுங்கள். எல்லாச் சிப்பியிலும் லேசாக இருப்பதைவிட, பாதியில் 4, 5 என்று இருப்பதுதான் ஆபத்து.

சிப்பிக்குச் சிப்பி பரவ நடுவில் வேறு உயிர் எதுவும் இதற்குத் தேவையில்லை. அழுகும் சிப்பியிலிருந்து தண்ணீரில் கலந்து, பக்கத்துச் சிப்பி வடிகட்டும்போது உள்ளே போகிறது. அதனால் நோயிருக்கும் படுகையிலிருந்து குஞ்சுகளை இடம் மாற்றாதீர்கள். சதை ஒட்டிய ஓடுகளையும், குறைந்தது ஒரு மாதம் கரையில் காயவிடாமல் கடலில் போடக்கூடாது.