சோஃபியின் முகம்

ஸ்காட்லாந்தின் இசைத் தயாரிப்பாளர் சோஃபியை மறுபடியும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ரப்பர் இழுபடுவது, உலோகம் நசுங்குவது, குமிழி வெடிப்பது போன்ற ஒலிகளை எல்லாம் சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியில் வெறும் ஒலி அலைவடிவத்திலிருந்தே செதுக்கி எடுத்தவர்.

பல ஆண்டுகள் அவர் முகத்தையே காட்டவில்லை. பாடல்களில் ஒலித்ததும் பிறர் குரல்தான். பெரும்பாலும் சுருதி ஏற்றிய பெண்குரல். யாரோ ஓர் ஆண், பெண்மையை வேடமாகப் போட்டுக்கொள்கிறான் என்று சில விமர்சகர்கள் எழுதித் தள்ளினார்கள். அவசரக் குடுக்கைகள்!

2017 அக்டோபரில் ‘இட்ஸ் ஓகே டு க்ரை’ வீடியோ வந்தது. பின்னணியில் வானமும் மேகங்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. முன்னால் செம்பட்டைச் சுருள்முடி, வெற்றுத் தோள்கள், உதட்டுச்சாயம், நம்மை நேராகப் பார்க்கும் கண்கள். பாடுவதும் அவரே. குரல் மெல்லியது, சற்று நடுங்குகிறது. கடைசியில் மழை கொட்ட, நனைந்தபடியே ஆடுகிறார். தான் திருநங்கை என்பதை அதன் பிறகே வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார்.

அடுத்த ஆண்டின் ஆல்பத்தில் எனக்குப் பிடித்தது ‘ஃபேஸ்ஷாப்பிங்’. அதன் வீடியோவில் அவருடைய முகத்தின் கணினி உருவம் பிதுங்குகிறது, துண்டாகிறது, மறுபடி கூடுகிறது. ஒலியை உருட்டிப் பிசைந்த அதே கை, முகத்தையும் விட்டுவைக்கவில்லை. அந்த ஆல்பம் கிராமி பரிந்துரை வரை போனது. கொடுத்திருக்கலாம், பாவிகள். 2021 ஜனவரியில் ஏதென்ஸில் விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 34.

கேட்காதவர்கள் இந்த இரண்டு பாடல்களிலிருந்து தொடங்கலாம். ஹெட்போன் அவசியம், செல்போன் ஸ்பீக்கரில் பாதி ஒலி காணாமல் போய்விடும்.