பாய்மரப் படகுக்கு எந்த சார்ஜர்?

பாய்மரப் படகில் பேட்டரி சீக்கிரம் சாவதற்கு முக்கியமான காரணம், அது முழுதாக நிறைவதே இல்லை என்பதுதான். எஞ்சின் ஓடுவது துறைமுகத்துக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் கொஞ்ச நேரம். ஃபிரிட்ஜ், ஜிபிஎஸ், ஆட்டோபைலட், விளக்குகளோ இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கும். 80 சதவீதத்திலேயே நாள்கணக்கில் கிடக்கும் லெட் ஆசிட் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். இழந்த கொள்ளளவு பிறகு முழுதாகத் திரும்பாது. கரை மின்சாரம் (துறைமுகத்தில் கம்பி போட்டு எடுப்பது) கிடைக்கும்போது கடைசி 20 சதவீதத்தையும் ஏற்றி முடிப்பதற்குத்தான் சார்ஜர். வாங்குகிறவர்கள் பார்ப்பதோ பெட்டியில் போட்டிருக்கும் ஆம்பியரை.

200 ஏஹெச் (ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) பேட்டரி பாதி காலியாக இருக்கிறது, 40 ஆம்பியர் சார்ஜர் மாட்டுகிறோம் என்று வையுங்கள். 80 சதவீதம் வரை ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடும். அதன் பிறகு வோல்டேஜ் 14.4-இல் நிற்க, பேட்டரி வாங்கும் ஆம்பியர் தானாகக் குறைந்துகொண்டே வரும். மிச்சத்துக்கு நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். 80 ஆம்பியர் சார்ஜர் போட்டாலும் இந்த இரண்டாம் கட்டம் பாதியாகாது. சார்ஜரின் ஆம்பியர், சாதாரண லெட் ஆசிட்டுக்கு ஏஹெச்சில் 10 முதல் 20 சதவீதம், ஏஜிஎம்முக்கு (ஆசிட்டைக் கண்ணாடி நார்ப் பாய் உறிஞ்சி வைத்திருக்கும் மூடிய லெட் ஆசிட் வகை) இன்னும் கொஞ்சம் கூட, அத்துடன் சார்ஜ் ஏறும்போது ஓடும் ஃபிரிட்ஜ் போன்றவற்றின் ஆம்பியர். இந்தக் கணக்கு போதும்.

ஆம்பியரைவிட வோல்டேஜ் செட்டிங்தான் முக்கியம். ஜெல் பேட்டரிக்கு (ஆசிட் கூழாக இருக்கும் லெட் ஆசிட் வகை) 14.1, 14.2 வோல்ட்டைத் தாண்டினால் உள்ளே குமிழி உண்டாகி அப்படியே நின்றுவிடும். அதைச் சரிசெய்ய வழியில்லை. லித்தியத்தைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யவே கூடாது. லெட் ஆசிட்டில் சூடு ஒரு டிகிரி ஏற ஏற, 12 வோல்ட் பேட்டரிக்குச் சுமார் 0.03 வோல்ட் குறைக்க வேண்டும். 25 டிகிரிக்கு 14.4 என்றால் 35 டிகிரியில் 14.1. இதைத் தானே செய்துகொள்ள, பேட்டரி மேலேயே ஒட்டும் சென்சார் உள்ள சார்ஜரை வாங்குங்கள். என்னைக் கேட்டால், கூடுதல் 20 ஆம்பியருக்குக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுக்கலாம்.

காருக்கான மலிவு சார்ஜரைப் படகில் நிரந்தரமாக மாட்ட வேண்டாம். உப்புக் காற்றுக்கும் அதிர்வுக்கும் அது தாங்காது; பெட்ரோல் எஞ்சின் அறையில் அதன் சிறு தீப்பொறியே ஆபத்து. கரை மின்சாரத்தின் எர்த் கம்பி பக்கத்துப் படகுகளோடு நம் படகையும் இணைத்துவிடும், மற்ற உலோகப் பாகங்கள் அரிக்காமலிருக்கத் தாம் கரையும் ஜிங்க் ஆனோடுகள் வேகமாகக் கரையும். எந்த சார்ஜர் வாங்கினாலும் இது தீராது. எர்த் கம்பியைத் துண்டிக்காமல் அதில் கால்வானிக் ஐசொலேட்டர் (படகுகளுக்கிடையே ஓடும் இந்தச் சிறு மின்னோட்டத்தைத் தடுக்கும் கருவி) போட வேண்டும்.

ஜெனரேட்டரில் ஓட்டுகிறவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். 40 ஆம்பியர், 14.4 வோல்ட் என்றால் 576 வாட். 85 சதவீதத் திறனில் உள்ளே போவது சுமார் 680 வாட். பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் பயன்படும் பங்கு) திருத்தம் இல்லாத சார்ஜரில் அது 0.7 அளவில் இருந்தால் ஜெனரேட்டர் தாங்க வேண்டியது 970 விஏ (வோல்ட்-ஆம்பியர்). சிறிய ஜெனரேட்டர் திணறுவது இதனால்தான். உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் இடையிலான 100 வாட் வெப்பமாகிறது. காற்றோட்டமில்லாத லாக்கரில் அடைத்தால் சார்ஜர் தானே ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும். பேட்டரிக்கு நேர் மேலேயும் மாட்டாதீர்கள், ஆசிட் ஆவி அரித்துவிடும்.

நல்ல சார்ஜரையும் மெல்லிய கம்பி கெடுத்துவிடும். சார்ஜருக்கும் பேட்டரிக்கும் 3 மீட்டர் என்றால் போக வர 6 மீட்டர். 10 சதுர மி.மீ. செப்புக் கம்பியில் 40 ஆம்பியர் போனால் ஏறத்தாழ 0.42 வோல்ட் வழியிலேயே போய்விடும். சார்ஜர் தன் முனையில் 14.4 பார்க்கும்போது பேட்டரிக்குக் கிடைப்பது 14 வோல்ட்கூட இல்லை. இரண்டாம் கட்டம் முன்கூட்டியே தொடங்கிவிடும். நேரக் கணக்கில் கட்டம் மாறும் சார்ஜரானால் நிறையாமலே ஃப்ளோட்டுக்கும் (நிறைந்த பேட்டரியைக் குறைந்த வோல்டேஜில் தக்கவைக்கும் கடைசிக் கட்டம்) போய்விடும். 16 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.26 வோல்ட். தகரம் பூசிய கம்பியாக இருக்கட்டும். ஃபியூஸ் பேட்டரி முனையை ஒட்டியே இருக்கட்டும்.

மாட்டி முடித்ததும், பாதி காலியான பேட்டரியில் முழு ஆம்பியர் ஓடும்போதே மல்டிமீட்டரால் சார்ஜர் முனையிலும் பேட்டரி முனையிலும் அளந்து பாருங்கள். வித்தியாசம் கணக்கைவிட அதிகமாக இருந்தால் லக் (கம்பி நுனியில் அழுத்திய உலோக முனை), ஃபியூஸ் ஹோல்டர், சுவிட்ச் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும் இணைப்பில்தான் கோளாறு.